டெக்கில் எஸ்டிஐ, கணினியில் யூஎஸ்பி-சி: நடுவில் என்ன வைப்பது?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

அவர் ஆவணப்பட எடிட்டர். காலமான இயக்குநர் ஒருவரின் குடும்பத்தார் 24 டிஜிட்டல் பீட்டாகேம் கேசட்டுகளையும், டிவிகேமும் மினிடிவியும் கலந்த 70 கேசட்டுகளையும் அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எல்லாமே 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறைப் பதிவுகள். டிஜிபீட்டா (டிஜிட்டல் பீட்டாகேமின் சுருக்கம்) ஏறக்குறைய 18 மணி நேரம், மற்றவை 60 மணி நேரம். கேசட் ஓட்டும் டெக்குகளாக, டிஜிபீட்டாவுக்கு சோனி டிவிடபிள்யூ-ஏ500பி ஒன்றும், மற்றவற்றுக்கு டிஎஸ்ஆர்-11 ஒன்றும் கிடைத்துவிட்டன. எடிட்டிங் கணினியில் இருப்பதோ யூஎஸ்பி-சி வடிவத் தண்டர்போல்ட் துளைகளும் ஒரு எச்டிஎம்ஐ துளையும் மட்டுமே. ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் (பழைய வீடியோ கேமராக்களிலும் டெக்குகளிலும் இருக்கும் இணைப்பு முறை) என்றிருக்கும் சிறிய அடாப்டரை வாங்கி டிஎஸ்ஆர்-11-இல் மாட்டிப் பார்த்தார். கணினி டெக்கைக் கண்டுகொள்ளவே இல்லை.

இப்போது மூன்று யோசனைகள் வைத்திருக்கிறார். டிஜிபீட்டா டெக்கின் காம்போசிட் என்ற அனலாக் வெளியீட்டை, படத்தைக் கணினிக்குள் பதியும் யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக்கில் கொடுப்பது ஒன்று. அதே டெக்கின் எஸ்டிஐ என்ற டிஜிட்டல் வெளியீட்டை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கி, கணினியின் எச்டிஎம்ஐ துளையில் செருகுவது இரண்டாவது. டிஜிபீட்டா முழுவதையும் டிவிகேம் கேசட்டுகளுக்கு டப் (நகல்) செய்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வழியாக ஏற்றுவது மூன்றாவது. டெக்கின் பின்னால் இருக்கும் 9 பின் துளை எதற்கு, வேலை முடிந்த பிறகு கேசட்டுகளைக் கழித்துவிடலாமா என்ற இரண்டு கேள்விகளும் உண்டு.

உங்கள் மூன்று யோசனைகளையும் கைவிடச் சொல்லப் போகிறேன். அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். கையிலிருக்கும் இரண்டு டெக்குகளும் இந்த வேலைக்குச் சரியானவை. தேவைப்படுவது இரண்டு டெக்குகளுக்கும் இரண்டு தனித்தனி வழிகள். ஒரே வழியில் இரண்டையும் அடக்க முயன்றதில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது.

அந்த அடாப்டர் ஏன் வேலை செய்யவில்லை

ஃபயர்வயரும் யூஎஸ்பியும் வெவ்வேறு ஒழுங்கில் பேசுபவை. ஃபயர்வயரில் டெக்கும் கணினியும் சமமான இரு கருவிகள். டெக் தன் படத்தை இடைவெளி தவறாமல், நேரம் ஒதுக்கப்பட்ட ஓட்டமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். யூஎஸ்பியில் எல்லாவற்றையும் கணினிதான் கேட்டுக் கேட்டு வாங்கும். நீங்கள் வாங்கிய அடாப்டருக்குள் இந்த இரண்டுக்கும் இடையே மொழிபெயர்க்கும் சிப் எதுவும் கிடையாது. ஒயர்கள் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எந்த இயக்கியை நிறுவினாலும் அது உயிர் பெறாது.

அதோடு, 6 பின் ஃபயர்வயரில் மின்சாரமும் வரும். யூஎஸ்பியின் 5 வோல்ட்டைவிட அது அதிகம். உங்கள் டிஎஸ்ஆர்-11-இல் இருப்பது மின்சாரம் இல்லாத 4 பின் துளை என்பதால் இம்முறை ஒன்றும் ஆகவில்லை. அந்த அடாப்டரை மறுபடி எதிலும் செருகாதீர்கள்.

ஒரு கேபிளில் மூன்று வேலை இருக்கிறது

டெக்கையும் எடிட்டிங் கணினியையும் இணைப்பது என்றால் உண்மையில் மூன்று தனி வேலைகள். படமும் ஒலியும் போக வேண்டும். ஓட்டு, நிறுத்து, இந்த டைம்கோடுக்கு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) போ என்ற கட்டளைகள் போக வேண்டும். இரண்டு கருவிகளும் ஒரே தாளத்தில் இருக்க ரெஃபரன்ஸ் சிக்னல் வேண்டும். ஃபயர்வயர் முதல் இரண்டையும் ஒரே ஒயரில் முடித்துவிடும். டைம்கோடும் அதிலேயே வந்துவிடும். எஸ்டிஐ அப்படியில்லை. அது படத்தையும் ஒலியையும் சுமக்கும், கட்டளையைச் சுமக்காது. கட்டளைக்கு ஆர்எஸ்-422 என்ற தனி ஒயர், தாளத்துக்கு பிளாக் பர்ஸ்ட் என்ற இன்னொரு ஒயர். இதைத் தெரிந்துகொண்டால் எந்த டெக்குக்கு எதை வாங்குவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. டேப்பில் இருக்கும் டேட்டா அப்படியே நகலாகிறதா, அல்லது ஒருமுறை படமாக விரித்து மறுபடி சுருக்கப்படுகிறதா? எஸ்டிஐ எப்போதும் உயர்ந்தது, ஃபயர்வயர் வீட்டுக் கேமரா சமாச்சாரம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. டிவிகேம் விஷயத்தில் நிலைமை நேர் எதிர். டிவிகேம் டேப்பில் இருப்பது விநாடிக்கு 25 மெகாபிட் ஓடும் டிவி25 (DV25) என்ற சுருக்க வடிவ டேட்டா. பால் முறையில் ஒரு ஃபிரேம் சரியாக 1,44,000 பைட். ஃபயர்வயர் அந்தப் பைட்டுகளை அப்படியே கணினிக்குக் கொண்டுவருகிறது. எஸ்டிஐ இருக்கும் டிவிகேம் டெக் கிடைத்தாலும், அது படத்தை விரித்துத்தான் வெளியே அனுப்பும். ஃபைல் ஏழெட்டு மடங்கு பெருக்கும், தரம் துளியும் கூடாது. பதிவு செய்த தேதி, நேரம், எந்த இடத்தில் டெக் பிழையை மறைத்தது என்ற குறிப்புகள் எல்லாம் வழியிலேயே போய்விடும்.

டிஜிபீட்டாவில் கதை வேறு. அதன் டேப்பில் இருக்கும் சுருக்கப்பட்ட டேட்டாவை அப்படியே வெளியே எடுக்க வழியில்லை. டெக் விரித்துத் தரும் 10 பிட், 4:2:2 (நிற விவரம் எவ்வளவு என்பதன் குறி) படம்தான் நமக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த வடிவம். அது எஸ்டிஐ வழியாகத்தான் முழுமையாக வரும்.

டிவிகேம், மினிடிவி கேசட்டுகளுக்கு

டிஎஸ்ஆர்-11-இலிருந்து ஃபயர்வயர்தான். இரண்டு விதமாகச் செய்யலாம்.

உங்களுடையது ஆப்பிள் கணினி என்றால், தண்டர்போல்ட் 3-இலிருந்து தண்டர்போல்ட் 2-க்கு மாற்றும் ஆப்பிள் அடாப்டர், அதன் முனையில் தண்டர்போல்ட்-ஃபயர்வயர் அடாப்டர், அதிலிருந்து 9 பின்னுக்கு 4 பின் கேபிள் என்று வரிசையாகக் கோக்கலாம். பார்க்க நம்பிக்கை வராது, ஆனால் ஓடும். தண்டர்போல்ட் இல்லாத வெறும் யூஎஸ்பி-சி துளையில் மட்டும் ஓடாது. இரண்டும் ஒரே வடிவம் என்பதால் துளையின் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா, கணினியின் விவரப் பட்டியலில் தண்டர்போல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு தடை மென்பொருள் பக்கம் இருக்கிறது. 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோ ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய செக்கோயா வரைதான் இந்தக் கோவை வேலை செய்யும். கணினியை ஏற்கெனவே புதுப்பித்துவிட்டீர்கள் என்றால் அடாப்டருக்கு செலவு செய்யாதீர்கள்.

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழியை. விரிவாக்கத் துளை உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பை இந்த வேலைக்கென்றே ஒதுக்கி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டைப் பொருத்துங்கள். வேறு சிப்புகளும் ஓடும், ஆனால் ஃபிரேம் விடுபடும் புகார்கள் டெக்சாஸ் சிப்பில் குறைவு. விண்டோஸில் கார்டு தெரிந்தும் டெக் தெரியவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் இயக்கியை '1394 ஓஎச்சிஐ லெகசி' என்பதற்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். லினக்ஸ் பழக்கம் இருந்தால் டிவிகிராப் என்ற சிறிய கட்டளைவரிக் கருவி போதும். டிவி25 கேப்சருக்கு விநாடிக்கு 3.6 மெகாபைட்தான் தேவை என்பதால் பதினைந்து வருடப் பழைய கணினிகூட மூச்சு வாங்காது.

கேபிள் மாட்டும்போது ஒரு கட்டுப்பாடு: டெக்கையும் கணினியையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள், பிறகு இயக்குங்கள். ஓடும்போது மாட்டலாம் என்றுதான் ஃபயர்வயர் வடிவமைக்கப்பட்டது. ஆனால் சற்றே தளர்ந்த 6 பின் துளையில் பிளக் சாய்ந்தோ தலைகீழாகவோ நுழைந்தால் மின்சாரம் டேட்டா பின்னில் பாய்ந்து டெக்கின் ஃபயர்வயர் சிப் எரிந்துபோகும். படம் நன்றாக வரும் டெக், ஃபயர்வயரில் மட்டும் செத்துக் கிடப்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான். கேபிள் நீளம் 4.5 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

ஏற்றும்போது கேசட்டை முழுவதுமாக, டிவி25 ஓட்டமாகவே ஏற்றுங்கள். மென்பொருள் 'எச்.264 ஆக மாற்றவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மினிடிவி கேசட்டுகளில் நடுவழியில் ஒலி 48 கிலோஹெர்ட்ஸிலிருந்து 32-க்கு மாறுவது சகஜம். அந்த இடத்தில் ஃபைலைப் பிரிக்காத மென்பொருள் என்றால் அதற்குப் பிறகு ஒலி கீச்சிடும் அல்லது படத்தைவிட்டு விலகும். வடிவம் மாறும் இடத்தில் புதிய ஃபைல் தொடங்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 32 கிலோஹெர்ட்ஸ் பதிவில் நான்கு ஒலித்தடங்கள் இருக்கலாம். பல எடிட்டிங் மென்பொருள்கள் முதல் இரண்டை மட்டுமே எடுத்துக்கொண்டு மற்ற இரண்டைப் பற்றி வாயே திறக்காது. மூல ஓட்டம் கையில் இருந்தால் மற்ற இரண்டையும் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஃபயர்வயர் நகலை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்றி முடித்த ஃபைலை டிவிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியில் போட்டால், டெக் எந்த ஃபிரேமில் எவ்வளவு பிழையை மறைத்திருக்கிறது என்று காட்டும். கண்ணுக்குத் தப்பும் சதுரத் திட்டுகள் அதில் தப்பாது.

எல்பி என்ற மெதுவான ஓட்டத்தில் பதிந்த மினிடிவி இருந்தால் இந்த வகை டெக்கில் ஒழுங்காக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். எல்பி ஓடும் கேமரா ஒன்று கிடைத்தால், அதே ஃபயர்வயர் கேபிளில் அவற்றையும் முடித்துவிடலாம்.

டிஜிபீட்டாவுக்கு

முதலில் உங்கள் யோசனைகளை எடுத்துக்கொள்கிறேன். கணினியில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை வெளியே அனுப்ப மட்டுமே. மானிட்டரை இணைப்பதற்கான துளை அது. எந்தக் கன்வெர்ட்டர் வைத்தாலும் அதன் வழியாகப் படம் உள்ளே வராது. யூஎஸ்பி எச்டிஎம்ஐ ஸ்டிக்கைச் சேர்த்தாலும் தீராது. டெக் தருவது 576 வரி இன்டர்லேஸ் படம், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் ஃபீல்டு என்ற இரண்டு பாதிகளாக மாறி மாறி வரும் படம். மலிவான ஸ்டிக்குகள் அதை ஏற்பதே இல்லை, அல்லது தாங்களே டீஇன்டர்லேஸ் செய்து, 8 பிட்டாக்கி, சுருக்கித் தருகின்றன. வழியில் டைம்கோடும் போய்விடும். காம்போசிட் வழி இன்னும் மோசம். தனித்தனியே கவனமாகப் பதிந்த ஒளியையும் நிறத்தையும் ஒரே சிக்னலில் கலந்துவிட்டு, மறுமுனையில் பிரிக்கப் பார்க்கிறோம். முழுதாகப் பிரியாது, எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வது அதனால்தான். டிவிகேமுக்கு டப் செய்தால் 10 பிட் 8 ஆகும், 4:2:2 நிறம் பால் டிவிகேமின் 4:2:0 ஆகும், அதன்மேல் 5:1 சுருக்கம் ஏறும். கூடவே டிஎஸ்ஆர்-11-இன் ஹெட் (நாடாவில் பதிந்து படிக்கும் பாகம்) பதியும்போது ஒருமுறை, ஏற்றும்போது மறுமுறை என்று கூடுதலாகத் தேயும். எல்லாவற்றையும் ஒரே வழியில் அடக்கப் போய் தரத்தையும் டெக்கையும் சேர்த்து இழக்கும் வழி அது.

எஸ்டிஐ-யை டிவி25 ஆக்கி ஃபயர்வயரில் தரும் கனோபஸ் ஏடிவிசி-1000 போன்ற பெட்டியை யாராவது சொல்வார்கள். அன்றாட ஒளிபரப்பு வேலைக்கு அது அருமையான கருவிதான். பாதுகாப்புப் பிரதிக்கு வேண்டாம், டிவிகேம் டப்பில் வரும் அதே இழப்பு இதிலும் வரும்.

தேவைப்படுவது எஸ்டிஐ உள்ளீடு கொண்ட தண்டர்போல்ட் கேப்சர் பெட்டி. பிளாக்மேஜிக் அல்ட்ராஸ்டுடியோ, ஏஜேஏ ஐஓ வகைகள் இதற்கானவை. அந்தப் பழைய டெஸ்க்டாப் ஓரளவு வேகமானது என்றால் டெக்லிங்க், கோனா வகைக் கார்டும் பொருத்தலாம். பிளாக்மேஜிக் கருவிக்கு விரெக்கார்ட் என்ற இலவச மென்பொருள் ஆவணக்காப்பாளர்களுக்காகவே எழுதப்பட்டது. வாங்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்:

1. பால் முறையின் 625/50 எஸ்டி-எஸ்டிஐ, அதாவது விநாடிக்கு 270 மெகாபிட் சிக்னலை உள்ளே ஏற்குமா? புதிய பெட்டிகள் சில எச்டி-யிலிருந்துதான் தொடங்குகின்றன. துளை ஒன்றே, கேபிள் ஒன்றே, படம் மட்டும் வராது.
2. 10 பிட், சுருக்காமல் பதிய முடியுமா?
3. ஆர்எஸ்-422 துளை உண்டா? அதே வரிசையின் சின்ன மாடல்களில் அது இல்லாமல் விற்பார்கள்.

கேபிள், திருகிப் பூட்டும் பிஎன்சி முனை கொண்ட 75 ஓம் கேபிளாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கும் ரேடியோவுக்கும் பயன்பட்ட 50 ஓம் பிஎன்சி பார்க்க ஒன்று போலவே இருக்கும். குறுகிய தூரத்தில் அது ஓடிவிடுவதும் உண்டு. திடீரென்று படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னத் தொடங்கும்போதுதான் தெரியும். கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதி செய்யுங்கள்.

டெக்கின் பின்புறம் பிஎன்சி துளைகள் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே வடிவம்: காம்போசிட், எஸ்டிஐ, ரெஃபரன்ஸ். எஸ்டிஐ வெளியீடுகளிலும் ஒன்றன்மேல் 'சூப்பர்' என்று எழுதியிருக்கும். அதில் டைம்கோடு எண்கள் படத்தின்மேலேயே பதிந்து வரும். அவசரத்தில் அதில் மாட்டி, 18 மணி நேரத்தையும் எண்களோடு ஏற்றிவிட்டால் திரும்ப ஓட்டுவதைத் தவிர வழியே கிடையாது. முதல் நிமிடம் ஓடியதும் நிறுத்தி, ஃபைலைத் திறந்து, முழுத் திரையில் பாருங்கள். நான்கு ஒலித்தடங்களிலும் ஒலி வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கேப்சர் மென்பொருள் இரண்டு தடங்கள் என்ற அமைப்பில்தான் பெரும்பாலும் திறக்கும், டிஜிபீட்டாவில் நான்கு. மூன்றாவது, நான்காவதில் இசையில்லாத நேர்காணல் ஒலி தனியே கிடக்கலாம். ஆவணப்படத்தில் அதன் மதிப்பு உங்களுக்கே தெரியும்.

அந்த 9 பின் துளை

அது ஆர்எஸ்-422. கணினி டெக்கை ஓட்டுவதற்கான கட்டளை ஒயர். விநாடிக்கு 38,400 பிட், ஒற்றைப்படை பாரிட்டி. கணினியின் பழைய சீரியல் துளையும் இதே 9 பின் வடிவம்தான், ஆனால் அது ஆர்எஸ்-232. பொதுவான கிரவுண்டை வைத்து ஒற்றை ஒயரில் பேசுவது அது. இதுவோ ஒவ்வொரு திசைக்கும் ஓர் இணை ஒயர் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்கிறது. பின்களின் வரிசையும் வேறு. டெக்கின் பக்கம் 2, 7 இரண்டும் டெக் பேசுவதற்கு. 8, 3 இரண்டும் டெக் கேட்பதற்கு. நேரே செருகினால் வேலை செய்யாது. கேப்சர் பெட்டியிலேயே ஆர்எஸ்-422 இருந்தால், ஒன்றுக்கு ஒன்று நேராகப் போகும் 9 பின் கேபிள் போதும். டெக்கில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இரண்டு 9 பின் துளைகள் இருந்தால் 'இன்' என்பதில் மாட்டுங்கள். முன்பக்கத்தில் லோக்கல், ரிமோட் என்ற சுவிட்சை ரிமோட்டுக்குத் தள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மென்பொருள் 'டெக் இல்லை' என்று சொன்னால் பத்தில் ஒன்பது முறை அந்தச் சுவிட்சுதான் லோக்கலில் இருக்கும்.

ஆனால் உங்களுக்கு இது கட்டாயமா என்பதை யோசியுங்கள். கேசட்டைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மூச்சில் ஏற்றப் போகிறீர்கள் என்றால், கையால் பிளே அழுத்தி, கேப்சர் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. டைம்கோடு எஸ்டிஐ-க்குள்ளேயே துணை டேட்டாவாக வரலாம். மென்பொருள் அதைப் படிக்கிறதா என்று சோதியுங்கள், இல்லையென்றால் கேசட்டின் தொடக்க டைம்கோடை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். இயக்குநரின் பழைய எடிட் பட்டியல் கையில் இருந்து, அதன்படி துண்டு துண்டாக எடுக்க வேண்டும் என்றால்தான் ஆர்எஸ்-422 தவிர்க்க முடியாதது.

அப்படி எடுப்பதானால் ஃபிரேம் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். படம் ஒரு ஒயரில், டைம்கோடு இன்னொரு ஒயரில் வருவதால் இரண்டுக்கும் ஓரிரு ஃபிரேம் வித்தியாசம் இருப்பது இயல்பு. இங்கேதான் அந்த 'சூப்பர்' துளை உதவும். எஸ்டிஐ கேபிளைத் தற்காலிகமாக அதில் மாற்றி, ஒரு குறிப்பிட்ட டைம்கோடிலிருந்து ஐந்து விநாடி ஏற்றுங்கள். முதல் ஃபிரேமில் படத்தின்மேல் தெரியும் எண்ணையும், ஃபைல் சொல்லும் எண்ணையும் ஒப்பிடுங்கள். மென்பொருளின் 'ஆஃப்செட்' இடத்தில் வித்தியாசத்தைக் கொடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வித்தியாசம் என்றால் ஆஃப்செட்டே போதும். ஒருமுறை 1, அடுத்தமுறை 3 என்று மாறினால் ரெஃபரன்ஸ் இல்லாத குறை. ஒரு சிறிய பிளாக் பர்ஸ்ட் ஜெனரேட்டர் வாங்கி, அதிலிருந்து டெக்கின் ரெஃபரன்ஸ் துளைக்கும், அங்கிருந்து கேப்சர் பெட்டியின் ரெஃபரன்ஸ் துளைக்கும் கொடுங்கள். வரிசையின் கடைசிக் கருவியில், சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் 75 ஓம் டெர்மினேஷன் இருக்க வேண்டும். முழுக் கேசட்டையும் ஒரே ஓட்டமாக ஏற்றும்போது இந்தச் செலவு தேவையில்லை, கேப்சர் பெட்டி உள்ளே வரும் எஸ்டிஐ-யின் தாளத்தையே பிடித்துக்கொள்ளும். டெக் மட்டும் வெளி ரெஃபரன்ஸை எதிர்பார்க்கும்படி அமைந்திருக்கக் கூடாது, மெனுவில் பாருங்கள்.

ஃபைல் அளவும், ஒரே டைம்லைனில் வரும் சிக்கலும்

பால் எஸ்டி படம் சுருக்காமல் 10 பிட்டில் விநாடிக்கு 27.6 மெகாபைட், மணிக்கு ஏறத்தாழ 100 ஜிகாபைட். உங்கள் 18 மணி நேரத்துக்கு 1.8 டெராபைட். டிவிகேம் 60 மணி நேரமும் சேர்த்து 780 ஜிகாபைட்தான். நீண்டகாலப் பிரதிக்கு எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத வடிவத்தில் மாற்றி வைத்தால் டிஜிபீட்டாவின் அளவு கணிசமாகக் குறையும், ஒரு பிட்கூட மாறாது. எடிட்டிங்குக்கு மட்டும் அதிலிருந்து ப்ரோரெஸ் 422 எச்கியூ பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் பிரதியையே மூலப் பிரதியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை ஒப்ப எனக்கு மனமில்லை. டெக் ஓடும் காலம் முடிந்துவிட்டால் அந்த முடிவைத் திருத்த வாய்ப்பே இருக்காது.

இரண்டு வகை ஃபைல்களையும் ஒரே டைம்லைனில் வைக்கும்போது ஃபீல்டு வரிசை இடிக்கும். டிவி25 கீழ் ஃபீல்டை முதலில் வைக்கும். பால் எஸ்டிஐ கேப்சர் மேல் ஃபீல்டை முதலில் வைக்கும். மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டால், நின்ற காட்சி நன்றாகத் தெரியும், கேமரா நகர்ந்தவுடன் படம் முன்னும் பின்னும் நடுங்கும். ஒவ்வொரு ஃபைலின் குணத்திலும் ஃபீல்டு வரிசையை நீங்களே பார்த்துக் குறியுங்கள். 16:9 பதிவுகளில் அகல விகிதமும் இப்படித்தான்; டிவி25-இல் பெரும்பாலும் குறிப்பு கூடவே வரும், எஸ்டிஐ-யில் அதை நம்ப முடியாது. முகங்கள் ஒல்லியாகத் தெரிந்தால் விகிதத்தை மாற்றுங்கள்.

கேசட்டைத் தொடுவதற்கு முன்

முதலில் பதிவுத் தடையைப் போடுங்கள். டிஜிபீட்டாவில் சிவப்பு முளையை உள்ளே அழுத்த வேண்டும். டிவிகேம், மினிடிவியில் நகர்த்தும் தாழை 'சேவ்' பக்கம் தள்ள வேண்டும். டெக்கின் மெனுவில், ஹெட் பொருத்திய டிரம் எத்தனை மணி நேரம் சுழன்றிருக்கிறது என்று பாருங்கள். முதலில் குடும்பத்தின் கேசட் எதையும் போடாதீர்கள். இழந்தால் பரவாயில்லை என்ற ஒன்றை ஓட்டிப் பார்த்து, நாடாவின் ஓரம் மடங்காமல் வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த கேசட்டை ஒருமுறை கடைசி வரை முன்னோட்டி, திரும்பச் சுற்றிவிட்டு ஓட்டுவது நல்லது. சுற்றும்போது கிரீச்சென்ற சத்தமோ தயக்கமோ இருந்தால் அங்கேயே நிறுத்தி, அந்தக் கேசட்டை மட்டும் டேப் மீட்பு தெரிந்தவரிடம் அனுப்புங்கள்.

டிஜிபீட்டா டெக்கின் முகப்பில் சேனல் கண்டிஷன் என்ற சின்ன விளக்கு இருக்கும். பச்சை என்றால் டேட்டா சுத்தமாக வருகிறது. மஞ்சள் என்றால் பிழை திருத்தம் உழைக்கிறது. சிவப்பு என்றால் திருத்த முடியாமல் படத்தை ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. டிஜிட்டல் டெக் கடைசி நொடி வரை நல்ல படமே காட்டும், பிறகு திடீரென்று உடையும். திரையைப் பார்ப்பதைவிட அந்த விளக்கைப் பாருங்கள். எல்லாக் கேசட்டிலும் மஞ்சள் என்றால் ஹெட்டைச் சுத்தம் செய்யும் கேசட்டை, அதில் அச்சிட்டிருக்கும் விநாடிக்கு மேல் போகாமல் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே கேசட்டில் மட்டும் என்றால் குறை கேசட்டில்தான்; சுத்தக் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஹெட்டைத் தேய்க்காதீர்கள்.

கேசட்டுகளைக் கழிக்கலாமா?

அந்த முடிவு உங்களுடையதில்லை. கேசட்டுகள் குடும்பத்தின் உடைமை. உள்ளே இருக்கும் படத்தின் உரிமை அவர்களிடமோ, அன்றைய தயாரிப்பாளரிடமோ, ஒளிபரப்பிய நிறுவனத்திடமோ இருக்கலாம். கேசட் கையில் இருப்பதாலேயே படத்தைப் பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது. வேலையைத் தொடங்கும் முன்பே குடும்பத்தாரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்: எந்தெந்தக் கேசட், ஓட்டும்போது சேதமானால் பொறுப்பு யாருடையது, பிரதிகள் எங்கே இருக்கும், உங்கள் படத்தில் எவ்வளவு பயன்படுத்தலாம். ஒருபக்கத் தாள் போதும். பழைய நாடா உங்கள் டெக்கில் அறுந்துபோனால் அந்தத் தாள்தான் இரு தரப்பு உறவையும் காக்கும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5 செக்சம் (ஃபைல் மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) எடுத்து, இரண்டு தனி வட்டுகளில் வைத்து, இரண்டாவது பிரதியிலும் செக்சம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் ஒரு கேசட் முடிந்ததாகக் கணக்கு. பிறகும் கேசட்டுகளை முழுதாகத் தொடக்கத்துக்குச் சுற்றி, உறையில் போட்டு, நிமிர்த்தி அடுக்கி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்துக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுங்கள். எந்தக் கேசட்டில் எந்த டைம்கோடில் சிவப்பு விளக்கு எரிந்தது என்ற பட்டியலையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். வேறொரு டெக்கில் அந்த இடம் மட்டும் ஒருநாள் சுத்தமாக ஓடக்கூடும்.